பற்கள் நிறம் மாறுவது ஏன்?

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்வி வளர்ச்சிக்கென இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்த ஒரு சங்கத்தின் மேடையில் பல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். உதவித்தொகை, விடுதி, வேலைவாய்ப்பு ஆகியவற்றைப் பற்றிப் பேசவேண்டிய இடத்தில் பல்லுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். காரணம் உண்டு.

பள்ளிகளில் நெடுங்காலம் பணியாற்றிய நாம் ஒன்றைத் தொடர்ந்து கண்டு வருகிறோம். விடை தெரிந்திருந்தும் எழுந்து நின்று சொல்லத் தயங்கும் மாணவன். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசும் மாணவி. குழுப் புகைப்படத்தில் இதழ்களை இறுக மூடிக்கொள்ளும் பிள்ளை. அருகில் அழைத்துக் கேட்டால், பல் மஞ்சளாக இருக்கிறது, பழுப்புக் கோடு விழுந்திருக்கிறது என்பார்கள். உடன் பயில்வோர் ‘பல் துலக்காதவன்’ என்று கேலி செய்திருப்பார்கள். நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை அந்தக் கேலி ஒருவனோடு நிற்பதில்லை. ‘அந்தத் தெருவே அப்படித்தான்’ என்று அது நீளும். தூய்மையற்றவர் என்னும் பழியைப் பல நூற்றாண்டுகள் சுமந்த மக்களுக்கு அச்சொல் எங்கே சென்று தைக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே பல்லின் நிறம் எவ்வெக் காரணங்களால் மாறுகிறது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். காரணம் தெரிந்தவன் பிறர் சொல்லும் பழிக்கு அஞ்சமாட்டான்; தவறான வைத்தியம் செய்து பல்லைக் கெடுத்துக்கொள்ளவும் மாட்டான்.

இயல்பான நிறம் எது?

பல் முழுவதும் ஒரே பொருளால் ஆனதன்று. வெளியே எனாமல் என்னும் மிகக் கடினமான மேலுறை உள்ளது. நம் உடலிலேயே கடினமான பொருள் அதுதான். அது ஓரளவு ஒளி ஊடுருவும் தன்மை உடையது. அதனுள்ளே டென்டின் என்னும் அடுக்கு உள்ளது. அதன் நிறம் இளமஞ்சள். அதற்கும் உள்ளே நரம்பும் குருதிக்குழாயும் அடங்கிய பற்கூழ் இருக்கிறது. கண்ணாடி வழியே சுவரின் வண்ணம் தெரிவதுபோல, எனாமல் வழியே டென்டினின் மஞ்சள் தெரிகிறது. ஆதலால் பளிங்கு போன்ற தூய வெண்மை மனிதப் பல்லின் இயல்பான நிறமே அன்று. விளம்பரங்களில் காணும் வெண்மையைக் கொண்டு நம் பல்லை அளத்தல் கூடாது.

ஆறு, ஏழு வயதில் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கத் தொடங்கும். அப்போது, ‘முன்பு வெள்ளையாக இருந்த பல் இப்போது மஞ்சளாக வருகிறதே’ என்று தாய்மார்கள் கவலைப்படுவர். பால்பல் இயல்பிலேயே வெண்மை மிகுந்தது. நிலைப்பல் சற்று மஞ்சள் கலந்தது. இரண்டும் அருகருகே நிற்கும்போது வேறுபாடு பெரிதாகத் தெரியும். இதற்குப் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. அதுபோலவே முதுமையில் எனாமல் தேய்ந்து மெலிய, உள்ளிருக்கும் டென்டின் தடித்து மஞ்சள் மிகும். இதுவும் நரைபோல் இயற்கையே.

மேலே படியும் கறை

மாமல்லபுரத்தில் கற்சிற்பங்களோடு வாழ்வோர் நாம். கடற்காற்றால் கல்லின் மேல் உப்பும் அழுக்கும் படிகின்றன. அவை கழுவினால் போகும். ஆனால் கல்லுக்குள்ளேயே ஓடும் நிறரேகையை எவ்வளவு கழுவினாலும் போக்க முடியாது. அது கல் உருவானபோதே உண்டானது. பல்லின் நிறமாற்றமும் இவ்வாறு இரு வகைப்படும்: மேலே படிவது ஒன்று, உள்ளே ஊறியது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இவ்வுரையின் முதற்பாடம்.

மேலே படியும் கறைக்குத் தேநீர், காப்பி ஆகியவற்றிலுள்ள டானின் என்னும் பொருள் ஒரு காரணம். பீடி, சிகரெட்டின் புகை படிந்தால் பழுப்பும் கருமையும் தோன்றும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மெல்லுவோர்க்குச் செம்பழுப்புக் கறை ஏறும். இரத்தச் சோகைக்காகக் கொடுக்கப்படும் இரும்புச் சத்து டானிக்கால் சில குழந்தைகளின் பல் கறுக்கும். அதற்காக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. டானிக்கைக் கொடுத்தபின் வாயைக் கொப்பளிக்கச் செய்தாலே போதும். குளோர்ஹெக்சிடின் கலந்த வாய்க்கொப்பளிப்பு மருந்தைப் பல வாரங்கள் தொடர்ந்தாலும் பழுப்புக் கறை உண்டாகும். பல்லையும் ஈறையும் ஒட்டி இறுகும் காரையின் மேல் இக்கறைகள் எளிதில் பற்றிக்கொள்ளும். இவையனைத்தையும் பல் மருத்துவர் சுத்தம் செய்து அகற்றிவிட முடியும்.

இவ்விடத்தில் இளைஞர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பாக்கும் புகையிலையும் பல்லில் பதிக்கும் கறை, அவை வாய்க்குள் செய்யும் பெருங்கேட்டின் வெளி அடையாளமே. பாக்கு, புகையிலை கலவாத நிலையிலும் புற்றுநோய் உண்டாக்கவல்லது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது. தொடர்ந்து பாக்கு மெல்லுவோர்க்கு வாயின் உட்தசை இறுகி, வாய் திறப்பதே அரிதாகிப்போகும் நோயும் வரும். தமிழக அரசு 2013ஆம் ஆண்டில் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தடை விதித்தது. சட்டம் ஒருபுறமிருக்க, வேலைக் களைப்பு நீங்கும், பசி அடங்கும் என்று நம் உழைப்பாளிகள் வாயில் அடக்கிக்கொள்ளும் அந்தப் பொட்டலம் கூலியையும் தின்று ஆளையும் தின்கிறது. மருத்துவரிடம் பல்லைச் சுத்தம் செய்துகொண்டு, மறுநாளே அதை மீண்டும் வாயிலிட்டால் பயன் என்ன?

உள்ளே ஊறும் நிறம்

இனி உள்ளிருந்து தோன்றும் நிறத்துக்கு வருவோம். இதில் பல காரணங்கள் உண்டு.

சொத்தை தொடங்கும்போது எனாமலில் சுண்ணாம்பு போன்ற வெண்புள்ளி தோன்றும். பின்னர் அது பழுப்பாகிக் கருமையாகிக் குழிவிழும். இது நாளும் வளரும் நோய். வலி வரும்வரை காத்திருந்தால் பல்லையே இழக்க நேரும்.

கபடி ஆட்டத்திலோ, கிணற்றில் குதித்தபோதோ, மிதிவண்டியிலிருந்து விழுந்தோ முன்பல்லில் அடிபட்டால், உள்ளிருக்கும் பற்கூழ் இறந்துபோவது உண்டு. வெளியே முறிவில்லாததால் எவரும் பொருட்படுத்துவதில்லை. சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து அந்த ஒரு பல் மட்டும் சாம்பல் நிறமாக மாறும். வரிசையில் ஒரே பல் கறுத்திருந்தால் பழைய அடியை நினைவுகூர வேண்டும். வேர்ச் சிகிச்சையால் அப்பல்லைக் காக்க முடியும்.

குழந்தைப் பருவத்தில் கடுங்காய்ச்சலோ, அம்மையோ, நீண்டநாள் ஊட்டக்குறைவோ தாக்கினால், அக்காலத்தில் உருவாகிக்கொண்டிருந்த எனாமல் அடுக்கு குறைபட்டுப் பள்ளமும் கோடுமாக அமையும். மரத்தின் வளையத்தைப் பார்த்து வறட்சி வந்த ஆண்டை அறிவதுபோல, பல்லின் கோட்டைப் பார்த்துப் பிள்ளை வாடிய காலத்தை மருத்துவர் அறிவார்.

மருந்தாலும் நிறம் மாறும். 1948ஆம் ஆண்டு முதல் புழக்கத்துக்கு வந்த டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் பல உயிர்களைக் காத்தன. ஆயினும் கருவுற்ற தாய்க்கோ சிறு குழந்தைக்கோ அவற்றைக் கொடுத்தால், வளரும் பல்லின் சுண்ணாம்புச் சத்தோடு மருந்து பிணைந்து, மஞ்சளாகவும் பின் ஒளிபட்டுச் சாம்பற்பழுப்பாகவும் பட்டை பட்டையாக நிலைத்துவிடும் என்பது 1950களின் பிற்பகுதியிலிருந்து தெரியவந்தது. அதனால் எட்டு வயதுக்கு உட்பட்டோர்க்கும் கருவுற்றோர்க்கும் அவற்றைப் பொதுவாகத் தவிர்க்கின்றனர். மருந்துக் கடையில் வாயால் சொல்லி மாத்திரை வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்கும் வழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டியதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

நீர் எழுதிய எழுத்து

மேற்சொன்ன காரணங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியே தாக்குவன. ஓர் ஊரையே தாக்கும் காரணம் ஒன்று உண்டு. அது குடிநீரில் கரைந்துள்ள புளோரைடு.

இது கண்டறியப்பட்ட வரலாறு சுவையானது. 1901ஆம் ஆண்டில் பிரடரிக் மெக்கே என்னும் இளம் பல் மருத்துவர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் தொழில் தொடங்கினார். அவ்வூரிற் பிறந்தோர் பலருடைய பற்களில் பழுப்புக் கறை கண்டு வியந்தார். பன்றி இறைச்சியை மிகுதியாக உண்பதால் என்றனர் சிலர். பால் சரியில்லை என்றனர் வேறு சிலர். மெக்கே இவற்றை ஏற்கவில்லை. பல் முளைத்து முடிந்தபின் அவ்வூரில் குடியேறியோர்க்குக் கறை இல்லை என்பதைக் கவனித்தார். ஆகவே பல் உருவாகும் பருவத்திலேயே ஏதோ உட்புகுகிறது என்று தெளிந்தார்.

பின்னர் 1923ஆம் ஆண்டு ஐடகோ மாநிலத்தின் ஓக்லி என்னும் சிற்றூருக்குச் சென்றார். தொலைவிலுள்ள வெந்நீர் ஊற்றிலிருந்து குழாய்வழி நீர் வந்தபிறகே பிள்ளைகளின் பல்லில் கறை தோன்றியது என்று அவ்வூர்த் தாய்மார்கள் அவரிடம் கூறினர். அக்குழாயைக் கைவிட்டு வேறோர் ஊற்று நீரைப் பயன்படுத்துமாறு அவர் சொன்னார். ஊரார் அவ்வாறே செய்தனர். சில ஆண்டுகளில் இளைய பிள்ளைகளுக்கு முளைத்த நிலைப்பற்கள் கறையின்றி வந்தன. நீரில் இருப்பது எது என்பது அப்போது எவர்க்கும் தெரியாது. 1931ஆம் ஆண்டில்தான் சர்ச்சில் என்னும் வேதியியலார் அது புளோரைடு என்று காட்டினார். ஆய்வுக்கூடம் பெயர் வைப்பதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே தாய்மார்களின் கண்கள் காரணத்தைச் சுட்டிவிட்டன என்பதை நம் சங்கத்து மகளிர் மனத்திற் கொள்ள வேண்டும்.

நம் நாட்டு வரலாறும் இதற்குக் குறைந்ததன்று. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் மக்கள் முதுகும் மூட்டும் விறைத்து முடங்கிய நோய்க்குப் புளோரைடே காரணம் என்று 1937ஆம் ஆண்டில் ஷார்ட் முதலிய மருத்துவ அறிஞர்கள் எழுதினர். இவ்வாராய்ச்சிகளில் கிண்டி கிங் நிலையத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அந்நிலையத்தைச் சேர்ந்த சி. ஜி. பண்டிட், டி. என். எஸ். இராகவாச்சாரி முதலியோர் 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, ஊட்டம் குறைந்த மக்களிடையே இந்நோய் கடுமையாக இருப்பதைக் காட்டியது. நீர் ஒன்றாகவே இருந்தாலும், பாலும் பழமும் காய்கறியும் காணாத வீட்டைத்தான் அது மிகுதியாக வருத்துகிறது. நஞ்சுக்குச் சாதி தெரியாது. ஆனால் வறுமை இருக்கும் இடத்தில் அது ஆழமாக வேரூன்றும்.

தமிழகத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இத்துன்பம் நெடுங்காலமாக உண்டு. அங்குள்ள கடும்பாறைகளில் அடங்கிய கனிமங்களிலிருந்து புளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. தலைமுறை தலைமுறையாக அங்குள்ள பிள்ளைகள் பழுப்புப் பற்களோடு வளர்ந்தனர். அதைப் போக்கவே ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுசெல்லும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் சப்பானிய நிதியுதவியுடன் நிறைவேற்றப்பட்டு 2013ஆம் ஆண்டு தொடங்கிவைக்கப்பட்டது. ‘புளோரோசிஸ் தணிப்பு’ என்னும் சொல் அத்திட்டத்தின் பெயரிலேயே இடம்பெற்றது. பல் துலக்காத மக்கள் என்று கருதப்பட்டோர்க்காக, நீரே குற்றவாளி என்பதை ஒப்புக்கொண்டு ஒரு பெருந்திட்டமே எழுந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

இந்திய நியமத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை புளோரைடு ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை இசைவு உண்டு. சிறு அளவில் புளோரைடு சொத்தையைத் தடுக்கும் நண்பன் என்பதையும் சொல்லவேண்டும்; பற்பசையில் அதைச் சேர்ப்பது அதனால்தான். அளவு மிஞ்சும்போதே கேடு. எட்டு வயதுக்குள், பல் உருவாகும் காலத்தில், மிகுந்த புளோரைடு உட்சென்றால் முதலில் சுண்ணாம்பு போன்ற வெண்திட்டுகள் தோன்றும். கடுமையானால் பழுப்புப் பட்டைகளும் குழிகளும் உண்டாகும். இடமும் வலமும் ஒத்த பற்களில் ஒன்றுபோல் அமைவது இதன் அடையாளம். வளர்ந்தபின் குடிப்போர்க்குப் பல்லில் இக்கறை வராது. எனினும் மிகுந்த அளவு பல்லாண்டு தொடர்ந்தால் எலும்பையும் மூட்டையும் பற்றும்.

நம் பகுதியின் நிலை யாது? கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையிலான கடற்கரையில் நாம் நன்கறிந்த நீர்ச்சிக்கல் உப்புக்கரிப்பு. உப்பு நாவுக்குத் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். புளோரைடுக்குச் சுவை இல்லை, மணம் இல்லை, நிறமும் இல்லை. தெளிந்த இனிய நீரிலும் அது இருக்கக்கூடும். மேற்கே செல்லச் செல்ல நம் மாவட்டத்திலும் கடும்பாறை நிலமே. பாறை இருப்பதாலேயே புளோரைடு மிகுந்திருக்கும் என்று அஞ்சவேண்டா. பரிசோதிக்காமலேயே இல்லை என்று இருந்துவிடவும் வேண்டா. ஒவ்வோர் ஆழ்துளைக் கிணற்றின் நீரையும் தனியே சோதித்தால்தான் உண்மை தெரியும். பக்கத்துக் கிணற்று நீர் நல்லதென்பது நம் கிணற்றுக்குச் சான்றாகாது.

நாம் செய்யவேண்டுவன

முதலாவதாக, கரடுமுரடான பொருள்களால் பல்லைத் தேய்ப்பதை நிறுத்துவோம். செங்கற்பொடி, அடுப்புக்கரி, சாம்பல், மணல் ஆகியவற்றால் அழுத்தித் தேய்த்தால் முதல் சில நாள் வெண்மை தோன்றுவது உண்மை. ஆனால் கறையோடு எனாமலும் தேய்ந்துபோகிறது. ஒருமுறை போன எனாமல் மீண்டும் வளராது. பின்னர் உள்ளிருக்கும் மஞ்சள் முன்னிலும் மிகுதியாகத் தெரியும். குளிர்ந்த நீர் பட்டாலே கூசும். எலுமிச்சைச் சாற்றைப் பல்லில் தேய்ப்பதும் அத்தகையதே. மென்மையான தூரிகையும் புளோரைடு பற்பசையும் கொண்டு காலையும் இரவும் துலக்குவது போதும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி மணி அளவும், ஆறு வயது வரை பட்டாணி அளவும் பசை போதுமானது. விழுங்காமல் துப்பக் கற்பிக்க வேண்டும்.

இரண்டாவதாக, கறையின் வகையை மருத்துவரிடம் காட்டித் தெரிந்துகொள்வோம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், சென்னையிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியும் நமக்கு எட்டும் தொலைவில்தான் உள்ளன. புளோரைடு கறையையும் இன்று மருத்துவர்கள் ஓரளவு மறைக்கவும் குறைக்கவும் வல்லவர்கள். சந்தையில் விற்கும் வெண்மையாக்கும் திரவங்களை அவர்களைக் கேளாமல் பயன்படுத்த வேண்டா.

மூன்றாவதாக, ஒரே தெருவில் பல பிள்ளைகளின் பற்களில் ஒரே வகைக் கறை காணப்பட்டால், அது அப்பிள்ளைகளின் குற்றமன்று. அத்தெருவின் நீரைச் சோதிக்கச் சொல்லும் அறிவிப்பு. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடங்களில் நீரைச் சோதிக்கலாம். தமிழகத்தில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்களில் கூடுகிறது. அவற்றுள் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்று நம் இளைஞர்கள் எழுந்து, ‘எங்கள் காலனிக்கு வரும் நீரின் சோதனை அறிக்கையைப் படியுங்கள்’ என்று கேட்க வேண்டும். தீர்மானமாகவும் பதிவு செய்ய வேண்டும். புளோரைடு மிகுந்ததென்று தெரிந்தால் காய்ச்சிக் குடிப்பதால் பயனில்லை. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு மிகவே செய்யும். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் எதிர்ச் சவ்வூடுபரவல் முறை புளோரைடையும் நீக்கும். படிகாரமும் சுண்ணாம்பும் கொண்டு நீக்கும் எளிய முறையை நாகபுரித் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் 1970களில் வகுத்தது. ‘நல்கொண்டா முறை’ என்பது அதன் பெயர். தூய்மையாகச் சேமித்த மழைநீரில் புளோரைடு மிகக் குறைவு.

அன்பார்ந்த இளைஞர்களே! நம் மாவட்டத்துக் கோழியாளம் தந்த இரட்டைமலை சீனிவாசனும், எம். சி. ராசாவும் உறுப்பினர்களாக வீற்றிருந்த சென்னைச் சட்டமன்றத்தில், பொதுச்சாலைகளும் பொதுக்கிணறுகளும் எல்லார்க்கும் உரியன என்னும் தீர்மானம் 1924ஆம் ஆண்டில் நிறைவேறியது. 1927ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கர் மகத் நகரின் சவதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தினார். அவர்கள் நமக்குப் பெற்றுத் தந்தது நீரை அணுகும் உரிமை. அந்நீரில் என்ன கலந்திருக்கிறது என்று அறியும் உரிமையை நாம் கேட்டுப் பெறவேண்டும். முன்னதன் தொடர்ச்சியே பின்னது.

ஆசிரியர்களாகிய நாமும் ஓர் உறுதி ஏற்போம். எந்தப் பிள்ளையின் பல்லையும் பார்த்து அவன் ஒழுக்கத்தையோ வீட்டையோ எடைபோட மாட்டோம். ‘ஏன் துலக்கவில்லை?’ என்னும் கேள்வியை விடுத்து, ‘எந்தக் கிணற்று நீர் குடிக்கிறாய்? என்ன மருந்து உண்டாய்? எப்போது அடிபட்டது?’ என்று கேட்போம். பெற்றோர்களும் அவ்வாறே கேட்கப் பழகுங்கள். இளைஞர்களே, நீக்கக்கூடிய கறையை நீக்கிக்கொள்ளுங்கள். வராமல் தடுக்கக்கூடியதைத் தடுத்துக்கொள்ளுங்கள். நீக்க முடியாத கறை இருந்தால், அதற்காக வாயை மூடிக்கொள்ளாதீர்கள். வகுப்பிலும் நேர்முகத் தேர்விலும் கிராம சபையிலும் வாய் திறந்து பேசுங்கள். நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் பாடுபட்டது நீங்கள் பேசவேண்டும் என்பதற்காகத்தான்.